வாசகர் கேள்வி – பதில்: ரிச்சர்ட் பர்ட்டனின் குரல்

2025 நவம்பர் 10-ஆம் தேதியோடு வேல்ஸ் நாட்டு நடிகர் ரிச்சர்ட் பர்ட்டன் பிறந்து நூறு ஆண்டு நிறைந்தது. அதையொட்டி அவருடைய மேடை, திரை வாழ்க்கையைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். அவருடைய திருமணங்களைப் பற்றிய கேள்விகளைத் தவிர்த்துவிட்டோம். அவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நடிப்பின் வேலைப்பாட்டைப் பற்றி எழுதத்தான் ஆள் குறைவு.

கே: பர்ட்டனின் பிறப்புப் பெயர் ஜென்கின்ஸ் என்று படித்தேன். ஆசிரியர் ஒருவர் தத்தெடுத்ததால் பெயர் மாறியதா? (தஞ்சாவூர் வாசகி)

ப: தத்தெடுக்க முயன்றார்கள், முடியவில்லை. 20 நாள் குறைந்தது.

தென் வேல்ஸில் பொன்ட்ரிடவென் என்ற சிற்றூரில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 13 பிள்ளைகளில் 12-ஆவதாகப் பிறந்தவர் ரிச்சர்ட் வால்டர் ஜென்கின்ஸ். 1927 அக்டோபரில், கடைசித் தம்பி பிறந்த சில நாள்களில் தாய் இறந்துபோனார். ரிச்சர்டுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. போர்ட் டால்பட் நகரின் டைபாக் பகுதியில் வாழ்ந்த அக்கா சிசிலியாவும் அத்தான் எல்ஃபெட் ஜேம்ஸும் அவரை எடுத்து வளர்த்தார்கள். குடும்பத்தில் பண முடை. நடுவில் படிப்பை நிறுத்திக் கூட்டுறவுக் கடையின் துணிப் பிரிவில் வேலைக்குப் போனார். 1942-இல் பள்ளிக்குத் திரும்பினார். அங்கே ஆங்கில ஆசிரியராக இருந்தவர் பிலிப் பர்ட்டன். வானொலிக்கு நாடகம் எழுதி, தயாரித்துப் பழகியவர்.

தத்தெடுப்பவர் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். பிலிப் பிறந்தது 1904 நவம்பர் 30. ரிச்சர்ட் பிறந்தது 1925 நவம்பர் 10. கணக்குப் பார்த்தால் 20 நாள் போதவில்லை. ஆகவே 1943 டிசம்பரில் வேறு பத்திரம் எழுதினார்கள். 21 வயது நிறையும்வரை பிலிப் சட்டப்படியான காப்பாளர், பையன் அவருடைய குடும்பப் பெயரை வைத்துக்கொள்வான் என்பது ஏற்பாடு. இந்த உறவைச் சொல்லும் படம் 2025-இல் வந்தது. அதற்கு 'மிஸ்டர் பர்ட்டன்' என்று பெயர் வைத்தது பொருத்தம். அந்தப் பெயர் முதலில் ஆசிரியருடையது.

கே: மலைமேல் நிறுத்தி ஆசிரியர் குரல் பழக்கினார் என்கிறார்களே, அது கதையா, உண்மையா? பள்ளி நாடகக் குழு நடத்துகிறேன். மாணவர்களுக்கு அதைச் செய்து பார்க்கலாமா? (விருதுநகர் வாசகர்)

ப: உண்மை. பிலிப் பர்ட்டனே சொல்லியிருக்கும் முறை இது. மாணவரை மலைச்சரிவில் ஓரிடத்தில் நிறுத்தி, ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் கட்டியக்காரன் பேசும் பகுதியைச் சொல்ல வைப்பார். பையன் பேசப் பேச ஆசிரியர் விலகிப் போய்க்கொண்டே இருப்பார். எவ்வளவு தள்ளிப் போனாலும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழ வேண்டும். கத்தக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

இந்த நிபந்தனையில்தான் பயிற்சியின் சாரம் இருக்கிறது. கத்தும்போது தொண்டைத் தசை இறுகி, சுருதி மேலே ஏறுகிறது. உயிரோசை பெருத்து மெய்யோசையை மூழ்கடிக்கிறது. எதிரே நிற்பவருக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. மலைவெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவரும் இல்லை. தொலைவு கூடக் கூட முதலில் கரைந்து போவது மெய்யெழுத்துகளின் ஒலி, ஏனென்றால் அவற்றுக்கு வலு குறைவு. ஆகவே திறந்த வெளியில் எட்ட நிற்பவருக்குக் கேட்க வேண்டுமானால் பேசுபவர் உதட்டையும் நாக்கையும் உழைக்க வைத்தாக வேண்டும். பகுதியைத் தேர்ந்ததிலும் சூட்சுமம் உண்டு. அந்தக் கட்டியக்காரன் பேச்சின் முதல் வாக்கியமே நான்கு அடி நீளம். மூச்சைக் கணக்காகச் செலவழிக்காவிட்டால் மூன்றாம் அடியில் காற்று தீர்ந்துவிடும்.

உங்கள் மாணவர்களுக்குத் தமிழ் வசனத்தை வைத்தே இதைச் செய்யலாம். தமிழ் இதற்கு இன்னும் கடுமையான மொழி என்றுகூடச் சொல்லலாம். 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' மூன்றுக்கும் வேறுபாடு கடைசி மெய்யில் மட்டுமே இருக்கிறது. அது விழுந்துவிட்டால் வந்தது ஆணா பெண்ணா, மரியாதைக்குரியவரா என்பதே பார்வையாளருக்குத் தெரியாமல் போகும்.

விளையாட்டுத் திடலில் இரண்டிரண்டு பேராக நிறுத்துங்கள். முதலில் 5 மீட்டர், பிறகு 10, 20, 40 என்று இடைவெளியைக் கூட்டுங்கள். கேட்பவர் வசனத்தைப் பார்க்கக் கூடாது. கடைசி மெய் கேட்காத இடத்தில் கையைத் தூக்க வேண்டும், பேசுபவர் அந்தச் சொல்லை மட்டும் மீண்டும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு 10 நிமிடம் போதும். தொண்டையில் கரகரப்போ அரிப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். அது முயற்சி போதாததன் அடையாளம் அல்ல, தொண்டையை இறுக்கிப் பேசுவதன் அடையாளம்.

வழக்கமாக நேரும் தவறுகளையும் சொல்லிவிடுகிறோம். இடைவெளி கூடியதும் பிள்ளைகள் முகவாயைத் தூக்குவார்கள், தொண்டை இறுகிவிடும். சிலர் எழுத்தெழுத்தாக நிறுத்திப் பேசுவார்கள், அப்போது பொருள் உடைந்துவிடும். 40 மீட்டரில் பழகிய அதே அளவைப் பள்ளி அரங்கில் அப்படியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. கடைசி வாரத்தில் 5 மீட்டருக்குத் திரும்பி, அதே தெளிவோடு மெல்லப் பேச வையுங்கள். குரல் வாய்த்தவர்கள் தடுமாறும் இடம் அது. பர்ட்டனும் அங்கே தடுமாறியிருக்கிறார், கீழே வரும் பதில்களில் பாருங்கள்.

கிராமத்துக் கேள்வி ஞானம், பிறவிக் குரல் என்றே பலரும் எழுதுகிறார்கள். நல்ல குரல்வளம் பிறப்பில் கிடைத்திருக்கலாம். ஆனால் 17 வயதுப் பையனுக்கு நாள் தவறாமல் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் உழைப்பை அந்தப் பேச்சு மறைத்துவிடுகிறது.

கே: வீட்டில் அவர் பேசியது வெல்ஷ் மொழி. ஆங்கில நடிப்பில் அதன் சாயல் உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: பர்ட்டனுக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. உடன்பிறந்தவர்களோடு கடைசிவரை வெல்ஷில்தான் பேசினார். ஆங்கில உச்சரிப்பில் சுரங்கப் பள்ளத்தாக்கின் வட்டார வழக்கைப் பிலிப் அகற்றிவிட்டார். ஓசைநயத்தை அகற்றவில்லை. வெல்ஷ் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்திய அசையில் விழும், கடைசி அசையில் சுருதி சற்றே மேலெழும். பர்ட்டன் ஓர் ஆங்கில வரியை முடிக்கும்போது முற்றாகக் கீழே விடாமல் ஒரு நூல் அளவு தூக்கி நிறுத்துவார். கேட்பவர் அடுத்த வரிக்குக் காத்திருக்கிறார்.

வெல்ஷ் தேவாலயப் பிரசங்க மரபும் உண்டு. தாழ்ந்த குரலில் பேச்சாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, முடிவில் ஏறக்குறையப் பாட்டாகிவிடும் பேச்சு முறை. அந்த வேகத்தை 'ஹுயில்' என்கிறார்கள். பர்ட்டனின் நீண்ட வசனங்கள் பல இந்த ஏணியில்தான் ஏறுகின்றன. ஆபத்தும் இதே இடத்தில்தான். மனம் ஒன்றாத படங்களில் பொருள் பின்தங்கிவிடும், ராகம் மட்டும் தானாக ஏறும். அவருடைய சுமாரான படங்களில் நமக்குச் சலிப்பூட்டுவது இதுதான்.

கே: திரைக்கு வருமுன் மேடையில் அவர் எவ்வளவு காலம் இருந்தார்? (சேலம் வாசகர்)

ப: வெல்ஷ் பேசும் இளைஞன் தேவை என்று நாடகாசிரியர் எம்லின் வில்லியம்ஸ் 1943-இல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அந்த வழியாகக் கிடைத்த 'தி டிரூயிட்ஸ் ரெஸ்ட்' நாடகம் லிவர்பூலில் தொடங்கி, 1944 தொடக்கத்தில் லண்டன் வந்தது. அதே குழுவில் இன்னொரு வேல்ஸ் சிறுவர், பின்னாளில் புகழ்பெற்ற ஸ்டான்லி பேக்கர். பிறகு விமானப்படைப் பயிற்சி மாணவராக ஆக்ஸ்ஃபோர்டில் ஆறு மாதம். அங்கே நெவில் காக்ஹில் இயக்கத்தில் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் ஏஞ்சலோ வேடம். படையிலிருந்து 1947-இல் விடுபட்டார்.

1949-இல் ஜான் கீல்குட் இயக்கி நடித்த 'தி லேடீஸ் நாட் ஃபார் பர்னிங்' நாடகத்தில் எழுத்தர் வேடம். ஒரு காட்சியில் கீல்குட்டும் பமீலா பிரவுனும் முன்னால் பேசிக்கொண்டிருக்க, இவர் மண்டியிட்டுத் தரையைத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பார்த்தவர்கள் கண் தரையைத் தேய்ப்பவர்மேல் போயிற்று. கவனத்தை இழுக்க அவர் எதையும் கூடுதலாகச் செய்யவில்லை, வேலையை மட்டும் செய்தார். நடிப்புப் பயில்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

1951-இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் 'நான்காம் ஹென்றி' இரண்டு பாகங்களிலும் இளவரசன் ஹால், தொடர்ந்து 'ஐந்தாம் ஹென்றி'. ஃபால்ஸ்டாஃபாக ஆந்தனி குவேல். அதுவரை ஹாலைக் குறும்புக்காரனாகவே நடித்து வந்தார்கள். பர்ட்டனின் ஹால் அசையாமல் நின்று பார்த்தான். நாளைக்கு அரசனாகப் போகிறவன் இன்றே தனியாக நிற்கிறான் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது.

அடுத்து 1953–54-இல் லண்டன் ஓல்டு விக். ஷேக்ஸ்பியரின் முதல் தொகுப்பிலுள்ள 36 நாடகங்களையும் ஐந்தாண்டில் மேடையேற்றும் திட்டத்தின் முதல் பருவம். ஹாம்லெட், 'கிங் ஜான்' நாடகத்தின் பிலிப், சர் டோபி பெல்ச், கோரியோலேனஸ், காலிபன் என ஒரே பருவத்தில் ஐந்து வேடங்கள். ஐந்தும் மாறி மாறி நடந்தன. 1956-இல் அதே அரங்கில் ஜான் நெவிலும் அவரும் ஒதெல்லோ, இயாகோ வேடங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு நடித்தார்கள். இரண்டு வேடத்தின் வசனமும் இருவருக்கும் பாடமாக இருக்க வேண்டும்.

கே: முதல் சினிமாஸ்கோப் படமான 'தி ரோப்' பார்த்தேன். மேடையில் இவ்வளவு பேர் வாங்கியவர் அதில் ஏன் மரம்போல நிற்கிறார்? (கோவை வாசகி)

ப: பாதிப் பழி அவருடையது, பாதி லென்ஸினுடையது.

சினிமாஸ்கோப்பில் படம்பிடிக்கும்போது காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் படச்சுருளில் பதிப்பார்கள். திரையிடும்போது இன்னொரு லென்ஸ் அதை இரண்டு மடங்காக விரிக்கும். 1953-இல் பயன்பட்ட முதல் லென்ஸ்களில் இந்த நெருக்கல் எல்லாத் தொலைவிலும் ஒரே அளவாக இல்லை. முகத்தை மிக அருகில் எடுத்தால் நெருக்கல் குறைந்து பதிவாகும். அதை இரண்டு மடங்கு விரித்ததும் கன்னம் உப்பித் தெரியும். பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல இருக்கும். படத்துறையினர் இந்தக் கோளாறுக்கு அந்த நோயின் பெயரையே வைத்தார்கள்.

ஆகவே அண்மைக் காட்சிகளைக் குறைத்தார்கள். நடிகர்களை வரிசையாக நிறுத்தி, வெட்டாமல் நீளமாக எடுத்தார்கள். சாதாரணத் திரை கொண்ட அரங்குகளுக்காக இன்னொரு வடிவத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டியிருந்தது. கேமரா நெருங்கி வராததால் பர்ட்டன் மேடையில் நிற்பதுபோல நின்று, கடைசி வரிசைக்குப் பேசினார். ஆனால் ஒலிவாங்கியோ தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தொலைவும் காதுக்கு அருகுமாக இருப்பதால் உங்களுக்கு அது ஒட்டவில்லை. இத்தனைக்கும் அந்த வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

கே: அவர் இந்தியராக நடித்த படம் உண்டா? (புதுச்சேரி வாசகர்)

ப: உண்டு. 1955-இல் வந்த 'தி ரெயின்ஸ் ஆஃப் ராஞ்சிபூர்'. லானா டர்னர் ஜோடி, இவர் டாக்டர் சாஃப்டி என்ற இந்திய மருத்துவர். முகத்தில் மாநிற ஒப்பனை பூசிக்கொண்டு வருகிறார். பேச்சில் எந்த ஊரும் இல்லை. வெள்ளக் காட்சிகளுக்காக வேண்டுமானால் பார்க்கலாம்.

கே: 1964 ஹாம்லெட் நாடகத்தைப் படம்பிடித்து, இரண்டே நாள் திரையிட்டு அழித்துவிட்டார்கள் என்பது மெய்யா? அதில் நடிகர்கள் வீட்டு உடையில் வருவது ஏன்? (சென்னை வாசகர்)

ப: அழிக்கத்தான் ஒப்பந்தம். ஆனால் தப்பிப் பிழைத்தது.

இயக்கியவர் கீல்குட். ஆடை தைத்து வருமுன் நடக்கும் கடைசி முழு ஒத்திகை எப்படி இருக்குமோ, அப்படியே மேடையேற்றுவது என்பது திட்டம். மேடையில் மரப் படிகளும் தளங்களும் மட்டும். பர்ட்டன் கறுப்பு ஸ்வெட்டரும் கால்சட்டையும் அணிந்தார். ஆடம்பரம் இல்லையென்றால் சொல் முன்னுக்கு வரும் என்பது எண்ணம். நடந்தது வேறு. தினமும் ஒத்திகைக்கு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் பார்வையாளர் முன் ஒரு சட்டையைத் தேர்ந்து தினமும் அதையே போட்டால் அது வேட உடையாகிவிடுகிறது. 'இயல்பான' உடை தேடி நடிகர்கள் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டிருந்தார்கள். தந்தையின் ஆவி மட்டும் உருவமாக வரவில்லை. பெரிய நிழல் ஒன்று விழும், குரல் கீல்குட்டுடையது. அந்த முடிவு அருமையானது.

டொராண்டோவில் பிப்ரவரியில் தொடங்கி, பாஸ்டன் வழியாக, 1964 ஏப்ரல் 9 அன்று நியூயார்க் லண்ட்-ஃபாண்டேன் அரங்குக்கு வந்தது. அங்கே 137 காட்சிகள். போலோனியஸாக நடித்த ஹியூம் க்ரோனினுக்கு அமெரிக்க நாடக உலகின் டோனி விருது. ஒத்திகைகளை நமக்காகக் காப்பாற்றி வைத்தவர் குழுவிலிருந்த ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்ற சிறு நடிகர். பெட்டிக்குள் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்து எடுத்துவந்து பதிவு செய்தார், பின்னர் எழுத்தாக்கி வெளியிட்டார். ஒரு வரியைக் கீல்குட் எப்படித் திருத்தினார், பர்ட்டன் எங்கே இணங்கினார், எங்கே மறுத்தார் என்பதெல்லாம் அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

படப்பிடிப்புக்கு 'எலெக்ட்ரோனோவிஷன்' என்ற முறை. தொலைக்காட்சிக் கேமராக்களைப் போன்ற மின்னணுக் கேமராக்களை அரங்கில் வைத்து, கூடுதல் விளக்கு இல்லாமல், மேடை வெளிச்சத்திலேயே எடுத்தார்கள். பிறகு படச்சுருளுக்கு மாற்றினார்கள். அதனால் வெள்ளை பூத்தும் கறுப்பு அடைத்தும் தெரியும், விளிம்புகள் மங்கும். அச்சுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், மூலமே அப்படித்தான். செப்டம்பர் 23, 24 இரண்டு நாளும் சேர்த்து நான்கு காட்சிகள், அமெரிக்காவில் ஏறக்குறைய 1000 திரையரங்குகள். பிறகு பிரதிகளை அழித்துவிட வேண்டும். பர்ட்டனிடம் இருந்த ஒரு பிரதி சுவிட்சர்லாந்து வீட்டில் கிடந்தது. அவர் மறைவுக்குப் பின் மனைவி சாலி அதைக் கண்டெடுத்ததால் இன்று டிவிடியாகப் பார்க்க முடிகிறது.

எங்கள் கருத்தையும் சொல்லிவிடுகிறோம். இந்த ஹாம்லெட் சீரானதல்ல. சில தனிமொழிகள் ஓடுகின்றன, சில இடங்களில் முழக்கம் தேவைக்கு மேல். ஆனால் நடிகர்கள் வந்து சேரும் காட்சியிலும் போலோனியஸைச் சீண்டும் இடங்களிலும் அவர் காட்டும் வேகமான கேலி, ஹாம்லெட் எவ்வளவு புத்திசாலி என்பதை வேறு பலர் காட்டாத அளவுக்குக் காட்டுகிறது.

கே: ஏழு முறை பரிந்துரைத்தும் ஆஸ்கர் தரவில்லை. சதியா? (மதுரை வாசகர்)

ப: சதி இல்லை. எதிரே நின்றவர்களைப் பாருங்கள். 'மை கசின் ரேச்சல்' படத்துக்குத் துணை நடிகர் பிரிவில் போட்டியிட்டபோது ஆந்தனி குவின். 'தி ரோப்' ஆண்டில் வில்லியம் ஹோல்டன். 'பெக்கட்' ஆண்டில் பர்ட்டனும் உடன் நடித்த பீட்டர் ஓட்டூலும் ஒரே பிரிவில் நிற்க, 'மை ஃபேர் லேடி' ரெக்ஸ் ஹாரிசன் வாங்கிப் போனார். முந்திய ஆண்டு 'கிளியோபாட்ரா'வில் இவரோடு நடித்த அதே ஹாரிசன். உளவாளிப் படமான 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் தி கோல்ட்' ஆண்டில் லீ மார்வின். 'ஹூஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா வுல்ஃப்' ஆண்டில் பால் ஸ்கோஃபீல்ட். 'ஆன் ஆஃப் தி தௌசண்ட் டேஸ்' ஆண்டில் ஜான் வெய்ன். 'எக்வஸ்' ஆண்டில் ரிச்சர்ட் டிரைஃபஸ்.

ஸ்கோஃபீல்டிடம் தோற்றதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. 1965-இல் அந்த உளவாளிப் படத்துக்குத் தராமல் விட்டதுதான் தவறு என்போம். பிரிட்டனின் திரைப்பட அமைப்பான பாஃப்டா அந்தப் படம், 'வர்ஜீனியா வுல்ஃப்' என்ற இரண்டு கறுப்பு-வெள்ளைப் படங்களையும் சேர்த்துச் சிறந்த நடிகர் விருது தந்தது. அது சரியான கணிப்பு.

கே: 'கேமலாட்' இசை நாடகத்தில் அவர் உண்மையாகவே பாடினாரா? (திருநெல்வேலி வாசகி)

ப: பாடினார். சிறுவயதில் வேல்ஸின் பாட்டுப் போட்டிகளில் பாடிய அனுபவம் உண்டு. ஆனால் ஆர்தர் அரசனுக்கான பாட்டுகளைப் பாதி பேச்சு, பாதி இசை என்று அமைத்துக்கொண்டார். தொடக்கம் பேச்சாக இருக்கும், முக்கியமான சொல்லில் மட்டும் சுருதியில் அமர்வார்.

அந்த நாடகம் தப்பித்ததே பெரிய காரியம். 1960 அக்டோபரில் டொராண்டோவில் தொடங்கியபோது நாலரை மணி நேரம் ஓடியது. எழுதிய ஆலன் ஜே லெர்னர் வயிற்றுப்புண்ணோடு மருத்துவமனையில், இயக்கிய மாஸ் ஹார்ட்டுக்கு மாரடைப்பு. காட்சிகளைத் தினமும் வெட்டி மாற்றிக்கொண்டிருந்த அந்த வாரங்களில் குழுவைக் கலையாமல் பிடித்து வைத்தவர் பர்ட்டன். பழைய ஆசிரியர் பிலிப்பும் உதவிக்கு வந்தார். டிசம்பர் 3-ஆம் தேதி பிராட்வேயில் அரங்கேறி, மொத்தம் 873 காட்சிகள் நடந்தது. பர்ட்டனுக்கு 1961-இன் டோனி விருது. அந்த ஆண்டே 'கிளியோபாட்ரா' படத்துக்காக விலகிப் போனார். ஒப்பந்தத்திலிருந்து அவரை விடுவிக்கப் படக் கம்பெனி நாடகக் கம்பெனிக்கு 50,000 டாலர் கொடுத்தது.

கே: சினிமாப் பணத்துக்காக மேடையைக் கைவிட்டு, திறமையை வீணாக்கினார் என்ற குற்றச்சாட்டு சரியா? (கொழும்பு வாசகர்)

ப: பணம் காரணம்தான், ஆனால் பலர் நினைக்கும் வழியில் அல்ல. பிரிட்டனில் அன்றைக்கு உயர் வருமானத்துக்கு வரி மிகக் கடுமை. 1957-இல் சுவிட்சர்லாந்தின் செலினி கிராமத்தில் குடியேறினார். வெளிநாட்டுக் குடியாளர் ஆன பிறகு ஆண்டில் குறிப்பிட்ட நாள்களுக்குமேல் பிரிட்டனில் தங்க முடியாது. ஓல்டு விக்கில் ஒரு பருவம் என்றால் பல மாதம். அந்தக் கணக்கிலேயே லண்டன் மேடை அவருக்கு அடைபட்டுவிட்டது. 1966-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களோடு ஊதியமின்றி 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நடித்தார். அடுத்த பெரிய மேடை வேடம் 1976-இல் பிராட்வேயில் 'எக்வஸ்'. இடையில் பத்து ஆண்டு. குரலைத் தினமும் பெரிய அரங்கில் பயன்படுத்தாத பத்து ஆண்டு.

குடி ஒரு காரணம், முதுகு, கழுத்து வலி இன்னொன்று. 1980-இல் மீண்டும் 'கேமலாட்' சுற்றுப்பயணம் போனவர் 1981-இல் பாதியில் விலகி அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எழுபதுகளில் அவர் நடித்த படங்கள் பலவற்றில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகும் மனிதரைத்தான் பார்க்கிறோம். அதை மறைப்பதற்கில்லை.

ஆனால் 'வீண்' என்ற சொல்லை நாங்கள் ஏற்கமாட்டோம். திரையில் அவர் செய்த மிக நல்ல வேலையை மேடை நடிகர் பர்ட்டன் செய்திருக்க முடியாது. உளவாளிப் படத்தின் இயக்குநர் மார்ட்டின் ரிட், புகழ்பெற்ற அந்தக் குரல் தமக்கு வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். படப்பிடிப்பில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. வரிக்கு வரி ராகத்தை உருவி எடுத்த பிறகு மிஞ்சியது சோர்ந்த, கசந்த, குளிரில் நிற்கும் ஒரு மனிதன். மலைச்சரிவில் கற்றதை அப்படியே தலைகீழாகப் போட்டதுபோல. குரல் வாங்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார், அடக்க ஓர் இயக்குநர் தேவைப்பட்டார்.

கே: ஆந்தனி ஹாப்கின்ஸும் அதே ஊரா? இருவரையும் எப்படி ஒப்பிடுவது? (நாகர்கோவில் வாசகர்)

ப: ஹாப்கின்ஸ் 1937 டிசம்பர் 31 அன்று போர்ட் டால்பட்டின் மார்கம் பகுதியில் பிறந்தவர். இளமையில் பர்ட்டனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். ஒப்பிட நல்ல இடம் 'எக்வஸ்'. 1974-இல் அது பிராட்வேக்கு வந்தபோது மனநல மருத்துவர் டைசார்ட் வேடம் ஹாப்கின்ஸுக்கு. அவருக்குப் பிறகு ஆந்தனி பெர்கின்ஸ், 1976-இல் பர்ட்டன். ஓர் உருக்காலை ஊரின் இரண்டு பிள்ளைகள் நியூயார்க்கில் ஒரே வேடத்தில்.

பர்ட்டன் நாடகப் பள்ளி படிக்கவில்லை, ஹாப்கின்ஸ் கார்டிஃபிலும் பின்னர் லண்டன் ராடாவிலும் படித்தார். பர்ட்டனுக்குப் படித்தது உடனே மனத்தில் நிற்கும். ஹாப்கின்ஸ் ஒரு திரைக்கதையை 200 முறைக்குமேல்கூட வாசிப்பவர். வசனம் வசனமாகத் தெரியாமல் அன்றைக்குத் தோன்றிய பேச்சாக வரும்வரை நிறுத்துவதில்லை. பர்ட்டன் சொல்லை உயர்த்திக் காட்டுவார், ஹாப்கின்ஸ் சொல்லை ஒளித்து வைப்பார். அடுத்த தலைமுறை மைக்கேல் ஷீனும் போர்ட் டால்பட்டில் வளர்ந்தவர். 2011 ஈஸ்டரில் அந்த ஊரையே மேடையாக்கி, ஊர்மக்களோடு 72 மணி நேரம் நீண்ட, இயேசுவின் பாடுகளைச் சொல்லும் நாடகத்தை நடத்தினார்.

கே: பர்ட்டனை இதுவரை பார்த்ததில்லை. எதில் தொடங்கலாம்? (ஈரோடு வாசகி)

ப: பார்ப்பதற்கு முன் கேளுங்கள். டிலன் தாமஸ் எழுதிய 'அண்டர் மில்க் வுட்' வானொலி நாடகத்தின் 1954 பிபிசி பதிவு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கதை சொல்லும் முதல் குரலைத் தாமஸே பேசுவதாக இருந்தது. அவர் 1953 நவம்பரில் இறந்துபோக, ஜனவரி 25 அன்று ஒலிபரப்பானபோது அந்த இடத்தில் பர்ட்டன் பேசினார். தயாரிப்பு டக்ளஸ் கிளெவர்டன், நடித்தவர்கள் எல்லாரும் வேல்ஸ்காரர்கள். விளக்கை அணைத்துவிட்டு, காதில் ஹெட்போன் வைத்துக் கேளுங்கள். உறங்கும் ஊரை எழுப்பாமல் அதன் நடுவே நடந்து போவதுபோலத் தொடங்குவார். அடுக்கடுக்காக அடைமொழிகள் வரும். ஒவ்வொன்றையும் அழுத்தாமல், பெயர்ச்சொல்லுக்காக மூச்சைச் சேர்த்து வைப்பதைக் கவனியுங்கள். 1972-இல் வந்த திரைப்பட வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அந்த உளவாளிப் படம். 1965, 112 நிமிடம். கடைசிப் பகுதியில் பெர்லின் சுவரை நோக்கிக் காரில் போகும்போது, உளவாளிகள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று அவர் வெடிக்கும் காட்சி வரும். அதுவரை பூட்டி வைத்த குரல் அப்போதுதான் வெளியே வருகிறது. பக்கத்து இருக்கையில் கிளேர் ப்ளூம், 1953 ஓல்டு விக் ஹாம்லெட்டில் இவருடைய ஒஃபீலியா.

மூன்றாவது 'வர்ஜீனியா வுல்ஃப்'. முற்றத்து மரத்தடியில், மதுக்கடையில் பானத்தின் பெயரைத் தப்பாகச் சொன்ன ஒரு பையனின் கதையை ஜார்ஜாக வரும் பர்ட்டன் சொல்வார். குரலை உயர்த்தாத அந்தச் சில நிமிடங்களை இரண்டு முறை பாருங்கள். பிறகு 'பெக்கட்', அதன் பிறகு 1964 ஹாம்லெட். மூன்று மணி நேரத்துக்குமேல் ஓடுவது, இடைவேளை விட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக 'நைன்டீன் எய்ட்டி-ஃபோர்'. ஓ'பிரையன் வேடம். பர்ட்டன் 1984 ஆகஸ்ட் 5 அன்று ஜெனீவாவில் இறந்தார், படம் அக்டோபரில் வெளியானது. சித்திரவதை அறையில் கைதியிடம் பேசும் காட்சிகளில் அவர் குரல் ஏறக்குறைய ஆசிரியர் பாடம் சொல்வதுபோல இருக்கும், தணிவாக, பொறுமையாக. சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியளவைக் கூட்ட வேண்டாம். சற்று முன்னால் நகர்ந்து உட்காருங்கள்.